ஸ்பன் ஸ்டீக் ஆலையின் ஆங்கில உத்தரவு: லத்தீனோ தொழிலாளர்களை நிர்வாகங்கள் புரிந்துகொள்ளும் விதம் குறித்த நிகழ்வு ஆய்வு

நிகழ்ந்தது

கலிபோர்னியாவின் தெற்கு சான்பிரான்சிஸ்கோவில் இயங்கிய ஸ்பன் ஸ்டீக் என்னும் நிறுவனம் கோழியிறைச்சியையும் பிற இறைச்சிப் பண்டங்களையும் தயாரித்து மொத்த விற்பனைக்கு அனுப்பிவந்தது. 1990இல் அங்கு வேலை செய்த 33 பேரில் 24 பேர் ஸ்பானிய மொழி பேசுபவர்கள். ஏறக்குறைய அனைவரும் லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க நாடுகளைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். அவர்களுள் இருவருக்கு ஆங்கிலம் அறவே தெரியாது. மற்றவர்களுக்குத் தெரிந்த அளவு ஆளுக்கு ஆள் வேறுபட்டது. வேலையில் சேர ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்று நிறுவனம் எக்காலத்திலும் நிபந்தனை விதித்ததில்லை. கன்வேயர் பெல்ட்டின் முன் நின்று, ஓடிவரும் இறைச்சியை எடுத்து, விற்பனைக்கான தட்டுகளிலும் பெட்டிகளிலும் அடுக்குவதுதான் உற்பத்தி வரிசையில் நிற்பவர்களின் வேலை. அதற்குக் கை வேகம் போதுமானதாக இருந்தது.

1990 செப்டம்பர் வரை யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று அங்கு எவரும் கேட்டதில்லை. பக்கத்தில் நிற்பவரோடு ஸ்பானியத்தில் பேசிக்கொண்டே வேலை செய்யலாம். அந்த நிலையில், வரிசையில் வேலை செய்த இரண்டு பெண்கள், சக தொழிலாளர்களான ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கரையும் ஒரு சீன அமெரிக்கரையும் ஸ்பானியத்தில் இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசுகிறார்கள் என்று நிர்வாகத்துக்குப் புகார் வந்தது. அந்தப் பெண்கள் இருவரும் ஸ்பானியம், ஆங்கிலம் இரண்டையும் சரளமாகப் பேசக்கூடியவர்கள். புகார் கடுமையானது, உண்மையெனில் தண்டனைக்குரியது. நிறுவனத் தலைவர் அதற்குக் கண்ட தீர்வு, பணி தொடர்பான நேரம் முழுவதும் அனைவரும் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்ற உத்தரவு. உணவு வேளையிலும் இடைவேளையிலும் சொந்த நேரத்திலும் ஸ்பானியம் பேசத் தடை இல்லை. இன நல்லிணக்கம் வளரும் என்பது உத்தரவுக்குச் சொல்லப்பட்ட முதல் காரணம். ஸ்பானியம் புரியாதவர்களுக்கு இயந்திரத்தில் வேலை செய்யும்போது அந்தப் பேச்சு கவனத்தைச் சிதைக்கிறது என்பது இரண்டாவது. ஆலைக்கு வரும் அரசு வேளாண் துறை ஆய்வாளருக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும் என்பதால், பொருளின் தரம் பற்றி யாராவது ஸ்பானியத்தில் எதையேனும் சொன்னால் அவருக்குப் புரியாமல் போகும் என்பது மூன்றாவது.

இதே சமயத்தில் நிறுவனம் இன்னொரு விதியையும் கொண்டுவந்தது: இனம், பாலினம் சார்ந்தோ தனிப்பட்ட முறையிலோ எவரையும் புண்படுத்தும் பேச்சு கூடாது. இந்த இரண்டாம் விதி வழக்கைப் பற்றிய பெரும்பாலான விவாதங்களில் ஓரமாக ஒதுங்கிவிடுகிறது. நடந்ததைப் புரிந்துகொள்ள அதுவே திறவுகோல் என்று நான் கருதுகிறேன்.

நவம்பரில், வேலை நேரத்தில் ஸ்பானியம் பேசியதற்காக அந்த இரண்டு பெண்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அவர்கள் அருகருகே நின்று வேலை செய்யவும் தடை விதிக்கப்பட்டது. துப்புரவுப் பணியாளர்களுக்கும் மேற்பார்வையாளர் அனுமதித்தவர்களுக்கும் மட்டும் விதிவிலக்கு இருந்தது. அதாவது, ஒருவர் தம் தாய்மொழியில் பேசலாமா கூடாதா என்பது அந்த மேற்பார்வையாளரின் விருப்பத்தைப் பொறுத்திருந்தது.

உணவு, வணிகத் தொழிலாளர் சங்கத்தின் 115ஆம் கிளை உத்தரவைத் திரும்பப் பெறுமாறு கேட்டது, நிறுவனம் மறுத்தது. சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் சென்றது. பாகுபாடு நடந்திருப்பதாக நம்ப நியாயமான காரணம் உள்ளது என்று ஆணையம் கண்டது. மாவட்ட நீதிமன்றம் தொழிலாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993 ஜூலையில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (வட்டம் என்பது பல மாநிலங்களை உள்ளடக்கிய நீதிமன்ற எல்லை) அந்தத் தீர்ப்பை மாற்றியது. நீதிபதி ஓஸ்கான்லன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, ஒருவரின் முதன்மொழி அவருடைய இனப் பண்பாட்டோடும் அடையாளத்தோடும் முக்கியமான பிணைப்பு கொண்டிருக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டது. ஆனால் வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடை செய்யும், 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் அத்தியாயம், பணியிடத்தில் பண்பாட்டு மரபை வெளிப்படுத்தும் உரிமையைப் பாதுகாக்கவில்லை என்றும், இருமொழி தெரிந்தவர் இந்த விதியை எளிதில் பின்பற்றிவிட்டு வேலையிடத்தில் பேசிக்கொண்டும் இருக்கலாம் என்றும் அது கூறியது. ஆங்கிலம் தெரியாத தொழிலாளரைப் பொறுத்தவரை விதி பாதித்ததா என்ற கேள்வி மட்டும் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. நீதிபதி பூச்சவர் ஒரு பகுதியில் மாறுபட்டார். முழு அமர்வு விசாரணை மறுக்கப்பட்டபோது நீதிபதி ரைன்ஹார்ட் எதிர்ப்புக் கருத்து எழுதினார். 1994 ஜூனில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

உத்தரவைப் பிரித்துப் பார்த்தால்

நிறுவனம் வழக்கில் வென்றது. இருப்பினும், நிர்வாகம் என்ற அளவில் அது எடுத்த முடிவு தவறானது என்பதே என் மதிப்பீடு. சட்டப்படி செல்லும் ஒரு முடிவு அறிவார்ந்த முடிவாகவும் இருந்தாக வேண்டியதில்லை.

புகார் இருவரின் நடத்தை பற்றியது. புண்படுத்தும் பேச்சைத் தடை செய்யும் இரண்டாம் விதியே அதற்கு நேரடியான மருந்து. யார் சொன்னது, யாரிடம் சொன்னது, கேட்டவர் யார் என்று விசாரித்து, உறுதியானால் அந்த இருவர்மீதும் நடவடிக்கை எடுத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக 24 பேரின் பேச்சுமொழி கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இருவர்மேல் எழுந்த சந்தேகம், அவர்களோடு ஒரே மொழியைப் பகிர்ந்துகொண்டதைத் தவிர வேறெந்தத் தொடர்பும் இல்லாதவர்கள்மேலும் பரவியது. ஒரு குழுவைப் பற்றிய முன்முடிவு வேலையிடத்தில் இப்படித்தான் செயல்படுகிறது: எவரும் வெளிப்படையாக வெறுப்பைக் காட்ட வேண்டியதில்லை, தனிமனிதரின் குற்றத்தைக் குழுவின் இயல்பாக வாசித்துவிட்டால் போதும்.

சொல்லப்பட்ட மற்ற இரண்டு காரணங்களும் சோதனைக்கு நிற்பதில்லை. ஆய்வாளருக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும் என்பது உண்மை. ஆனால் ஆங்கிலம் தெரியாத தொழிலாளி ஒருவர் பெல்ட்டில் கெட்டுப்போன துண்டைக் கண்டால் என்ன செய்வார்? முன்பெல்லாம் பக்கத்தில் நிற்பவரிடம் ஸ்பானியத்தில் சொல்வார். அவர் ஆய்வாளரிடம் ஆங்கிலத்தில் சொல்வார். உத்தரவு வந்தபின் அந்த வழி அடைபட்டது. கவனம் சிதைந்து பாதுகாப்பு கெடும் என்ற காரணத்துக்கும் இதே கதைதான். பிற்காலத்தில், 2010 ஏப்ரலில், அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிட்ட கொள்கை அறிவிப்பு, பாதுகாப்புப் பயிற்சி தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் விதத்திலும் அளிக்கப்பட வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. ஒரே ஆலையில் பாதுகாப்பின் பெயரால் ஸ்பானியத்தைத் தடை செய்யவும், பாதுகாப்பின் பெயராலேயே ஸ்பானியத்தில் கற்பிக்கவும் வேண்டியிருக்கும் நிலையை எண்ணிப் பார்த்தால், முதல் தடைக்கு எவ்வளவு குறைவான யோசனை செலவாகியிருக்கிறது என்பது புரியும்.

பேசுவது விருப்பமா, இயல்பா

இருமொழி தெரிந்தவருக்கு எந்த மொழியில் பேசுவது என்பது அவர் விருப்பம் என்ற கருத்தை ஒன்பதாம் வட்டம் புதிதாக உருவாக்கவில்லை. 1980இல் ஐந்தாம் வட்ட நீதிமன்றம் டெக்சாஸைச் சேர்ந்த குளோர் மரக்கடை வழக்கில் அதையே கூறியிருந்தது. கடை இருந்த பிரவுன்ஸ்வில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஊர். அங்கே 39 ஊழியர்களில் 31 பேர் ஹிஸ்பானிக்குகள் (லத்தீனோக்களைக் குறிக்கும் இன்னொரு பெயர்). ஸ்பானியம் பேசும் வாடிக்கையாளர்களிடம் ஸ்பானியத்தில் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் ஊழியர்கள் தங்களுக்குள் பேசும்போது ஆங்கிலம்தான். 1975இல் ஒரு விற்பனையாளரிடம், வாடிக்கையாளர் கேட்ட பொருள் ஒன்று இருக்கிறதா என்று இன்னொரு மெக்சிக அமெரிக்க ஊழியர் கேட்டார். இவர் இல்லை என்று ஸ்பானியத்தில் பதில் சொன்னார். கடையின் உரிமையாளர்களுள் ஒருவர் காதில் அது விழுந்தது. விற்பனையாளரின் வேலை போனது. வாடிக்கையாளருக்காகப் பயன்பட்ட அதே நாக்கு, இரண்டடி தள்ளி நின்ற சக ஊழியருக்குப் பதில் சொன்னபோது குற்றமானது.

குளோர் தீர்ப்பு வந்த 1980ஆம் ஆண்டின் இறுதியில் சம வேலைவாய்ப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு விதி வேறு பார்வையை முன்வைத்தது. ஒருவரின் முதன்மொழி பல வேளைகளில் அவருடைய பூர்விக நாட்டு அடையாளத்தின் இன்றியமையாத கூறு. எல்லா நேரத்துக்கும் ஆங்கிலம் என்ற விதி பாகுபாடாகவே கருதப்படும். குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டுமான விதிக்கும் தொழில் தேவை என்ற நியாயம் காட்டப்பட வேண்டும். ஆங்கிலத்தை முதன்மொழியாகக் கொள்ளாதவர்கள் தம்மை அறியாமலேயே தங்கள் மொழிக்கு மாறிவிடுவது சாதாரணம் என்றும் அந்த விதி குறிப்பிட்டது. இந்த விதி எல்லா மொழியினருக்கும் பொதுவானது. அமெரிக்க அலுவலகங்களில் தமிழில் பேசிக்கொள்பவர்களும் இதன் கீழேயே வருகிறார்கள்.

விருப்பம் என்ற கருத்துக்கு நீதிமன்றத்திலேயே வலுவான மறுப்பு 2000இல் டல்லாஸில் கிடைத்தது. பிரீமியர் ஆப்பரேட்டர் சர்வீசஸ் என்ற தொலைபேசிச் சேவை நிறுவனம், ஸ்பானியம் பேசும் வாடிக்கையாளர்களுக்காகவே இருமொழி ஆப்பரேட்டர்களைத் தேடிப் பிடித்து, அவர்களின் ஸ்பானிய அறிவைச் சோதித்து வேலைக்கு எடுத்தது. பிறகு, வாடிக்கையாளர் அழைப்பைத் தவிர வேறெப்போதும், இடைவேளையிலும்கூட, கட்டடத்துக்குள் ஆங்கிலமே பேச வேண்டும் என்று உத்தரவிட்டது. வாசலில் ஒட்டப்பட்ட அறிவிப்பு, துப்பாக்கியும் கத்தியும் பிற ஆயுதங்களும் இந்த வளாகத்துக்குள் கூடாது என்று தொடங்கி, அதன் தொடர்ச்சியாகவே ஆங்கிலம்தான் இந்நிறுவனத்தின் ஆட்சிமொழி என்று சொன்னது. ஆயுதத் தடையும் மொழித் தடையும் ஒரே தாளில் வந்ததை எழுதியவர் கவனித்தாரோ இல்லையோ, வாசித்தவர்கள் கவனித்தார்கள். விதியை ஏற்றுக் கையெழுத்திட மறுத்தவர்களும் புகார் கொடுத்தவர்களும் வேலையிழந்தனர். இருமொழியாளர்கள் ஒரே உரையாடலுக்குள் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது பெரும்பாலும் திட்டமிடாமல் நிகழ்வது என்று மொழியியல் வல்லுநர் அளித்த சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்றது. 13 ஊழியர்களுக்குச் சுமார் 7 லட்சம் டாலர் வழங்க உத்தரவாயிற்று.

2006இல் பத்தாம் வட்ட நீதிமன்றத்துக்கு வந்த ஆல்டஸ் நகராட்சி வழக்கு இன்னும் ஒரு படி உள்ளே செல்கிறது. ஓக்லஹோமாவில் உள்ள அந்த நகராட்சி 2002இல் ஆங்கில விதியைக் கொண்டுவந்தபோது, அதிகாரி ஒருவர் அதை இரண்டு ஹிஸ்பானிக் ஊழியர்களிடம் தனியாக அழைத்துச் சொன்னார். மற்றவர்கள் கேட்டால் அவர்களைக் கேலி செய்வார்கள் என்பது அவரது கவலை. அதிகாரியின் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு விதி நடைமுறைக்கு வரும் முன்பே, அது யாரைக் கேலிப்பொருளாக்கும் என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நகராட்சிக்குச் சாதகமான கீழ் நீதிமன்றத் தீர்ப்பின் முக்கியப் பகுதிகளைப் பத்தாம் வட்டம் நீக்கியது. இத்தகைய விதியே பகைமை நிறைந்த பணிச் சூழலை உருவாக்கக்கூடும் என்ற வாதத்தை நடுவர் குழு கேட்க வேண்டும் என்றது.

இந்த முரண்பாட்டை உச்ச நீதிமன்றம் இன்றுவரை தீர்த்துவைக்கவில்லை. 2025 மார்ச்சில் ஆங்கிலத்தை அமெரிக்காவின் ஆட்சிமொழியாக அறிவித்து வெளியான அதிபரின் ஆணை அரசுத் துறைகளைப் பற்றியது; தனியார் நிறுவனங்கள் தங்கள் தொழிலாளர்களின் பேச்சை அடக்க அது அனுமதி தரவில்லை.

லத்தீனோ என்ற ஒரே பெட்டி

இதுவரை சொன்ன எல்லா வழக்குகளிலும் நிர்வாகங்களின் மனத்தில் ஒரே உருவம் இருந்தது: லத்தீனோ என்றால் ஸ்பானியம் பேசுபவர், வெளியிலிருந்து வந்தவர், ஒரே மாதிரியானவர். தொழிலாளர்களுக்கு ஆதரவாகப் பேசுபவர்களும் பல வேளைகளில் இதே உருவத்தைத்தான் சுமந்துகொண்டிருக்கிறார்கள். உருவத்தின் ஒவ்வொரு பகுதியும் பிழையானது.

வெளியிலிருந்து வந்தவர் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். 1848இல் குவாடலூப்பே ஹிடால்கோ உடன்படிக்கையின்படி மெக்சிகோவின் பெரும் நிலப்பரப்பு அமெரிக்காவுக்குச் சென்றது. அங்கு வாழ்ந்தவர்கள் இடம்பெயரவில்லை, அவர்களைச் சுற்றி எல்லைக்கோடு இடம்பெயர்ந்தது. பிரவுன்ஸ்வில் போன்ற ஊர்களில் ஸ்பானியம் ஆங்கிலத்துக்கு மூத்த குடி. அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட தீவான போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். அவர்களிடம் விசா பற்றிக் கேட்கும் மனிதவள அலுவலர் தம் சட்ட அறிவின்மையைத்தான் வெளிப்படுத்துகிறார்.

ஸ்பானியம் பேசுபவர் என்பதும் அப்படியே. பியூ ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட கணிப்பின்படி, அமெரிக்காவில் உள்ள வயதுவந்த லத்தீனோக்களில் 24 சதவீதம் பேர் ஸ்பானியத்தில் ஓரளவுக்கு மேல் உரையாட முடியாதவர்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதற்காகப் பிற லத்தீனோக்களாலேயே ஏளனத்துக்கு ஆளானதாகச் சொன்னார்கள். இவர்களிடம் வாடிக்கையாளரின் ஸ்பானியக் கடிதத்தை மொழிபெயர்த்துத் தரச் சொல்லி நீட்டும் மேலாளர், ஸ்பன் ஸ்டீக்கின் தலைவர் செய்த பிழையை மறுபக்கத்திலிருந்து செய்கிறார். மொழி தெரிந்தவர்களிடமும் ஒரு சிக்கல் உண்டு: பணி விவரத்தில் இல்லாத மொழிபெயர்ப்பு வேலை நாளடைவில் அவர்கள் தலையில் கூலியில்லாமல் ஏறிவிடுகிறது.

மறுகோடியில், லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தும் ஸ்பானியத்தை இரண்டாம் மொழியாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். 2008 மே மாதம் ஐயோவா மாநிலத்தின் போஸ்ட்வில்லில் இருந்த இறைச்சி ஆலை ஒன்றில் குடியேற்ற அதிகாரிகள் நடத்திய சோதனையில் 389 பேர் கைதாயினர். பெரும்பான்மையோர் குவாத்தமாலாவைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் பலர் மாயா மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். நீதிமன்றத்தில் அவர்களுக்கு ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர்கள் நியமிக்கப்பட்டனர். அந்த மொழிபெயர்ப்பாளர்களுள் ஒருவரான பேராசிரியர் எரிக் கமாயித் பிரேய்ஷாஸ், கைதானவர்கள் பலருக்குத் தங்கள்மேல் சுமத்தப்பட்ட குற்றமே சரியாகப் புரியவில்லை என்று பின்னர் வெளிப்படையாக எழுதினார். ஆலைகளின் பாதுகாப்புப் பயிற்சியை ஸ்பானியத்தில் நடத்திவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகங்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

ஒரே மாதிரியானவர் என்ற எண்ணத்தை மக்கள்தொகைக் கணக்கெடுப்பே உடைக்கிறது. 2020இல் தம்மை ஹிஸ்பானிக் என்று பதிந்தவர்கள் 6 கோடியே 21 லட்சம் பேர். மொத்த மக்களில் 18.7 சதவீதம். அவர்களில் தம்மை வெள்ளையர் என்று மட்டும் குறித்தவர்கள் 2010இல் 2 கோடியே 67 லட்சமாக இருந்து 2020இல் 1 கோடியே 26 லட்சமாகக் குறைந்தனர்; ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறித்தவர்கள் 30 லட்சத்திலிருந்து 2 கோடியே 3 லட்சமாயினர். பத்தாண்டில் மக்கள் மாறிவிடவில்லை; கேள்வித்தாளின் அமைப்பும் பதில்களைக் குறியிடும் முறையும் மாறின, தம்மை எப்படிச் சொல்லிக்கொள்வது என்ற எண்ணமும் சிலரிடம் மாறியது. ஆப்பிரிக்க வம்சாவளி லத்தீனோ ஒருவர் வேலையிடத்தில் கறுப்பினத்தவராக ஒரு பாகுபாட்டையும், பெயரைக் கேட்டபின் இன்னொன்றையும் சந்திக்க நேரலாம். ஒரே ஒரு கட்டத்தில் குறியிடச் சொல்லும் பணியாளர் படிவத்தில் அந்த அனுபவம் பதிவாவதில்லை.

நிறுவனங்கள் செய்வதும் செய்யாததும்

பல நிறுவனங்களின் பதில், செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரையிலான ஹிஸ்பானிக் மரபு மாதத்தில் மெக்சிக உணவான டாக்கோவைப் பரிமாறி, மெக்சிகத் தொப்பி அணிந்து படம் எடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகரகுவா, கோஸ்டா ரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் விடுதலை நாளில் அந்த மாதம் தொடங்குகிறது என்பதும், டாக்கோ அவர்களின் வீட்டு உணவு அல்ல என்பதும் விழா நடத்தும் குழுவுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. விழா தவறு என்று நான் சொல்லவில்லை. விழா நடக்கும் அதே கட்டடத்தில் இடைவேளை அறையில் ஸ்பானியம் கேட்டால் முகம் சுளிக்கும் மேற்பார்வையாளர் இருந்தால், விழாவைத் தொழிலாளர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதே கேள்வி.

ஆகவே மேலாளர்களுக்கான பயிற்சி பண்பாட்டுக் குறிப்புகளில் தொடங்காமல், அவர்கள் எடுக்க நேரும் முடிவுகளில் தொடங்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். ஸ்பன் ஸ்டீக் வழக்கின் உண்மைகளைத் தீர்ப்பு இன்னதென்று சொல்லாமல் ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்து, புகார் வந்த நாளில் நீங்கள் தலைவராக இருந்தால் முதலில் யாரை அழைத்துப் பேசுவீர்கள் என்று கேட்கலாம். மொழி விதியை முதலில் எழுதுபவர்களுக்கும், இழிவுக்குள்ளானதாகச் சொல்லப்பட்ட இருவரிடமும் புகாருக்குள்ளான இருவரிடமும் முதலில் பேசுபவர்களுக்கும் இடையே எழும் விவாதம், எந்த விரிவுரையையும்விட அதிகம் கற்பிக்கக்கூடியது. அதன் பிறகு குளோர் கடையையும் டல்லாஸ் வாசல் அறிவிப்பையும் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

மொழி விதி உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் உண்டு: அவசரநிலை, ஒரே மொழி அறிந்த சக ஊழியரோடு இணைந்து செய்யும் அபாயமான வேலை, ஆங்கிலம் மட்டும் அறிந்த வாடிக்கையாளர். அந்த இடங்களில் விதி எந்த வேலைக்கு, எந்த நேரத்துக்கு என்று குறுக்கி எழுதப்பட வேண்டும். தவறிப் பேசியவருக்கு என்ன நடக்கும் என்பது முன்கூட்டியே எல்லோருக்கும், அவர்களுக்குப் புரியும் மொழியில், தெரிவிக்கப்பட வேண்டும். விலக்கு தரும் அதிகாரம் தனி மேற்பார்வையாளர் கையில் விடப்படக் கூடாது. மொழிபெயர்ப்பு வேலை செய்பவருக்கு அது பணி விவரத்தில் எழுதப்பட்டு, தனி ஊதியமும் கிடைக்க வேண்டும். பயிற்சிக்கு முன், எந்த மொழியில் வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். பெயரையோ நாட்டையோ பார்த்து ஊகிக்கக் கூடாது. பதிந்த பட்டியலில் மாம், கிச்சே, மிஷ்டெக் போன்ற பூர்வகுடி மொழிகளின் பெயர்கள் வந்தால், அந்த மொழிகளுக்கான மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசி வழியாகவேனும் ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பு.